நன்றி வந்து சேர எண்பது நிமிடம்

வியாழனின் கலிஸ்டோ நிலாவுக்கு உடனொலிப் பெட்டி வந்த பன்னிரண்டாம் நாள், சுடலைமணி தன் லாக்கரைத் திறந்து சரக்குக் குடுவையின் மூடியை ஒரு சுற்றுத் திருகினான். மூன்று வருடமாகத் தொடாத மூடி.

பூமியிலிருந்து எழுபத்திரண்டு கோடி கிலோமீட்டர். வானொலி அலையே போய்ச்சேர நாற்பது நிமிடம் ஆகும் தூரம். உடனொலி அதை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. இங்கே "ஹலோ" என்றால் அங்கே அந்த நொடியே "சொல்லுங்க". பனிச்சுரங்கத்தின் முந்நூறு பேரும் அது வந்த அன்று அழுதார்கள். எண்பது நிமிடத்துக்கு ஒரு வசவாகச் சண்டை போட்ட தம்பதிகள், இப்போதுதான் ஒழுங்காகச் சண்டை போட்டார்கள்.

சுடலைமணியும் கொண்டாடினான். அவனுடைய கூட்டம் பூமியில் அல்லவா இருந்தது! ஆக்சிஜன் தொட்டியில் வளர்க்கும் பாசியைப் புளிக்க வைத்துக் காய்ச்சிக் குடித்து, போதையில் துளைக்கருவிக்குள் கையை விட்டு, இரண்டு விரல் போன பிறகுதான் அவன் திரையில் தேடினான்: 'அருகிலுள்ள குடிநோயாளிகள் கூட்டம்.' திரை கூச்சமே இல்லாமல் காட்டியது: 'தூத்துக்குடி, துறைமுகச் சாலை, ஐஸ் பிளாண்ட் மாடி.'

அது ரீத்தா அக்கா நடத்தும் கூட்டம். அங்கே ஒரே ஒரு கட்டாயம் உண்டு. பேசியவர், மற்றவர்கள் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு "நன்றி" சொல்ல வேண்டும். அதுவரை யாரும் நாற்காலியை விட்டு எழக்கூடாது.

வானொலிக் காலத்தில் இவன் பேசிவிட்டு, பேச்சு போக நாற்பது, பதில் வர நாற்பது என எண்பது நிமிடம் உட்கார்ந்திருப்பான். பதில் வரும். நன்றி சொல்வான். உடனொலியில் எல்லாமே பத்து நிமிடத்தில் முடிந்தது. பேச்சு, பதில், நன்றி, டக். அதற்குப் பிறகு அவனும் லாக்கரும் மட்டும் இருந்தார்கள்.

குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொடர்பு அறைக்கு ஓடினான். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் நஸ்ரின் பழைய வானொலித் தட்டின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நஸ்ரின்! கழட்டாதம்மா!"

"நாளைக்குள்ள கழட்டணும்னு உத்தரவு அண்ணே. இதுக்குப் போற கரண்ட் புது துளைக்கருவிக்கு வேணுமாம். அதான் உடனொலி இருக்கே, பேசுங்க."

"அதுல பேசுனா பதில் உடனே வந்துருதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாப்பிட்டீங்களா, இல்ல வேற எதாவது..."

அவன் குடுவையை மேசைமேல் வைத்தான். "இன்னும் இல்ல. அந்த ஆசை பேய் மாதிரி வரும். அரை மணி நேரம், முக்கா மணி நேரம் ஆட்டும். அப்புறம் தானா எறங்கிரும். பதிலுக்குக் காத்துக் கெடக்கையில எனக்கே தெரியாம எறங்கிருக்கு. அக்கா பேச்சுதான் காப்பாத்துச்சுன்னு நெனச்சேன். அவங்க பேச வாயத் தொறக்கும்போதே பேய் போயிருந்துருக்கு."

நஸ்ரின் பிடுங்கிய இணைப்புகளைத் திரும்பச் செருகினாள்.

"பூமியில அந்தப் பழைய பெட்டிய அணைச்சிருப்பாங்களே அண்ணே?"

"இருக்கட்டும். பேசுதேன்."

பேசினான். பிறகு நாற்காலியின் கைப்பிடியை எட்டு விரலாலும் பிடித்துக்கொண்டான். இருபதாவது நிமிடம் உள்ளங்கை வேர்த்தது. முப்பதாவது நிமிடம் கை தானாகக் குடுவைப் பக்கம் போனது. நஸ்ரின் தன் நாற்காலியை அவனுக்கும் மேசைக்கும் நடுவில் இழுத்துப் போட்டு, நகம் வெட்ட ஆரம்பித்தாள். ஐம்பதாவது நிமிடம் அவன் கொட்டாவி விட்டான்.

எண்பதாவது நிமிடம் பழைய பெட்டி கரகரத்தது.

"ஏல சுடல, ரீத்தாக்கா பேசுதேன். எல்லாம் கேட்டுச்சு. நாங்களும் இந்தப் பழைய பெட்டி முன்னாலதாம்ல எட்டு நாளா சும்மா உக்காந்திருக்கோம். ஏன்னு பிச்சையா அண்ணாச்சியே சொல்லட்டும்."

"தம்பி, நான் பிச்சையா. குடிநோயாளி." தொண்டையைச் செருமும் சத்தம். "நாலாம் நாளு திரும்பக் குடிச்சு விழுந்துட்டேன்டே. முந்தியெல்லாம் உன் நன்றி இங்க வந்து சேர எட்டு மணி ஆயிரும். கீழ பிராந்திக் கடையப் பூட்டிருவான். வானத்துல ஒத்தையில கெடக்க பயலுக்காக உக்காந்திருக்கோம்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். புது மிஷின் வந்ததும் ஆறே முக்காலுக்குக் கூட்டம் முடிஞ்சிருச்சு. எறங்குனா கடை ஜெகஜோதியா தொறந்து கெடக்கு!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரீத்தா அக்காவின் குரல் திரும்ப வந்தது.

"நாங்கதான் ஒன்னயப் பாத்துக்கிடுதோம்னு நெனச்சோம்ல. நீயில்லா இத்தன நாளா எங்க பத்துப் பேரையும் உக்கார வச்சிருந்த! சரி, பதில் சொல்லியாச்சு. ஒரு பயலும் எந்திரிக்க மாட்டான். உன் நன்றி வரணும்."

சுடலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு குடுவையின் மூடியை இறுக்கி நஸ்ரினிடம் நீட்டினான். "பாசித் தொட்டியிலயே ஊத்திரும்மா. கழட்டச் சொன்ன உத்தரவு என்னாகும்?"

"நாளைக்கே கழட்டலாமான்னு ஒரு சந்தேகம் கேட்டு பூமிக்கு அனுப்பறேன்."

"உடனொலியிலயா?"

"இதுலதான். பதில் வந்ததும் அடுத்த சந்தேகம் வரும். எனக்கு நெறைய சந்தேகம் வரும் அண்ணே."

அவன் பெட்டியின் பொத்தானை அழுத்தினான்.

"நன்றிக்கா. நன்றி அண்ணாச்சி. எல்லாரும் அப்படியே உக்காருங்க. இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்."