லியோனில் நடந்த காலணிகள்

"பார்சலா... எந்தப் பார்சல்?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே ஜோஸ்பினுக்கு நினைவு வந்துவிட்டது.

வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞன் நின்றிருந்தான். மழைக்கு முந்தைய வானம் போலக் கருத்து, அமைதியாக இருந்தன அவன் கண்கள்.

"நான் ரொனால்ட், கோட்டுச்சேரி. லியோன்ல இருக்கிற அகஸ்டினோட தம்பி. அம்மாவுக்கு ஒரு ஜோடி ஷூ, கொஞ்சம் சாக்லேட்... அண்ணன் உங்ககிட்ட கொடுத்து விட்டேன்னு சொன்னாரு."

பிரான்சின் லியோன் நகரில் இரண்டு வருடம் படித்துவிட்டு அவள் காரைக்காலில் வந்து இறங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வந்த அன்றைக்கு அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள். அதற்குள் பெட்டியைப் பார்க்க உறவும் தெருவும் கூடிவிட்டன. வெளிநாட்டுப் பெட்டி வந்து இறங்கினால் அது கொண்டு வந்தவளுக்குச் சொந்தமில்லை. இந்த ஊரில் அப்படித்தான். அவளுடைய அம்மா அந்தோணிமேரிக்கும் தாராளக் கை. சோப்பு மாதா கோயில் பாடகர் குழுவுக்குப் போயிற்று. சாக்லேட் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போயிற்று. அந்த ஷூ...

"அது நம்ம அஞ்சுகத்துக்குக் கொடுத்துட்டேனேடி" என்றாள் அம்மா, கையைப் பிசைந்தபடி. "சுரக்குடியிலேருந்து கீரை கொண்டு வருமே, அது. பாவம், தேஞ்ச செருப்போட நடக்குதேன்னு..."

ரொனால்டின் முகம் சுண்டிப்போனது. குதிகால் வலியால் அவன் அம்மா இரண்டு வருடமாக மாதா கோயில் தேருக்குப் பின்னால் நடக்கவில்லை. இந்த வருடமாவது நடந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாராம்; சொன்னான். தேர்பவனி நாளை மறுநாள்.

"பிரான்ஸ்ல படிச்சவங்களுக்கு எங்க வீட்டுச் சாமானெல்லாம் கண்ணுல படுமா..." என்று முணுமுணுத்தான்.

சுருக்கென்றது அவளுக்கு. அவனுக்கு என்ன தெரியும்... அந்தப் பார்சலுக்காக விமான நிலையத்தில் அவள் எதை எதையெல்லாம் எடுத்து வெளியே வைத்தாள் என்று. ஆனால் தப்பு அவள் வீட்டுத் தப்பு. ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"சுரக்குடிக்கு நான் வழி காட்டுறேன். வாங்க."

அவள் ஸ்கூட்டரில் முன்னால் போக, அவன் பைக்கில் பின்னால் வந்தான். திருநள்ளாறு தாண்டிச் சுரக்குடிக்குள் நுழைந்தார்கள்.

அஞ்சுகம் வயல் வரப்பிலிருந்து கீரைக்கட்டோடு ஏறி வந்தாள். காலில் அந்தச் சாம்பல் நிற ஷூ.

"பாப்பா! உங்கம்மாவுக்குப் புண்ணியமாப் போகும். முள்ளும் குத்தலை, வலியும் இல்ல. எனக்குன்னு இப்படி ஒண்ணு யாரும் வாங்கிக் கொடுத்ததில்ல கண்ணு."

ஜோஸ்பின் தலை குனிந்தாள். எப்படிக் கேட்பது... கேட்டுத்தான் ஆக வேண்டும். வாயெடுத்தாள்.

அதற்குள் ரொனால்ட் முட்டி போட்டு அந்த ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். அவன் அதை இன்னும் கொஞ்சம் தளர்த்தி, அழகாக முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்தான்.

"இறுக்கிக் கட்டியிருக்கீங்க அத்தை. இப்படிக் கட்டினா காலு வீங்காது. சும்மா இந்தப் பக்கம் வந்தோம், பார்த்துட்டுப் போகலாம்னு."

ஊர் எல்லையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் பேருந்து நிழற்குடையில் ஒதுங்கினார்கள்.

"ஏங்க கேட்கலை? உங்கம்மா தேருக்கு நடக்கணுமே?"

"கேட்டு வாங்கிட்டுப் போயிருந்தா எங்கம்மாகிட்ட திட்டுதான் கிடைச்சிருக்கும்." அவன் மழையைப் பார்த்தபடி தயங்கினான். "வாசல்ல நான் பேசினது தப்புங்க. மன்னிச்சுக்குங்க."

பிறகு கேட்டான்: "எல்லாரும் என்ன கொண்டு வந்தேன்னுதான் கேட்டிருப்பாங்க... நீங்க அங்க எதை விட்டுட்டு வந்தீங்க?"

மூன்று நாளில் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஜோஸ்பின் சொல்லத் தொடங்கினாள். தினமும் அவள் கடந்து போன ஆற்றுப் பாலத்தைச் சொன்னாள். கடைசி நாள் காசு வாங்க மறுத்து ரொட்டியைக் கையில் திணித்த பேக்கரிக்காரம்மாவைச் சொன்னாள். காலிச் சுவர்களோடு நின்ற அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தபோதும் அழவில்லையாம். எடை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் சொன்னதும் கம்பளிக் கோட்டையும் இரண்டு வருடக் குறிப்பேடுகளையும் எடுத்து, வழியனுப்ப வந்த அகஸ்டினிடம் கொடுத்துவிட்டாளாம். தனக்கென்று வைத்துக்கொண்டது காலில் போட்டிருந்த காலணிகளை மட்டும்தானாம். அப்போதும் அழவில்லை...

"இப்ப மட்டும் ஏன்னு தெரியலை..." என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எடை எதனால் கூடியது என்று அவள் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. கைக்குட்டையை நீட்டினான். அது அவளைவிட நனைந்திருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தேர்பவனி அன்று மாலை, கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வைத்திருந்தான் ரொனால்ட். துணிப்பையோடு வந்து நின்றாள் ஜோஸ்பின். உள்ளே நீல நிறக் காலணிகள். தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்தவை.

"நான் போட்டதுதாங்க..." என்று பையை நீட்டினாள். போட்ட ஷூவை ஒரு பெரியவருக்குக் கொடுப்பதா என்று இரண்டு நாளாகத் தவித்திருந்தாள். "அங்க ரெண்டு வருஷம் இதுலதான் நடந்தேன். ஒரு நாள்கூட கால் வலிச்சதில்லை. பார்சல்ல வந்த ஷூவும் இதே அளவுதான், முப்பத்தொன்பது. தப்பா நினைக்காதீங்கம்மா."

அங்கிருந்து அவள் வைத்துக்கொண்ட ஒரே பொருள் அது என்பது ரொனால்டுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வந்தான். அம்மா காலை நீட்டிவிட்டார்.

ஜோஸ்பின் குனிந்து, அவன் கட்டியது போலவே, கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள்.

அம்மா எழுந்தார். ஓரடி... இன்னோரடி... "பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றவர், அவள் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுக் கூட்டத்தோடு தேருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார். அந்த நீலக் காலணிகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மெல்ல மெல்ல விலகிப் போவதைப் பார்த்தாள் ஜோஸ்பின். அந்த நாட்டுக்கு அப்போதுதான் விடை கொடுத்தாற்போல் இருந்தது. மனம் வலிக்கவில்லை.

பக்கத்தில் ரொனால்ட் தொண்டையைச் செருமினான்.

"அண்ணன்கிட்ட பேசினேன். உங்க கோட்டு, நோட்டு எல்லாம் பத்திரமா வச்சிருக்காராம். கிறிஸ்துமஸுக்கு வர்ற ஒருத்தர்கிட்ட கொடுத்து விடுறேன்னாரு. யார் வீட்டு அட்ரஸ் கொடுக்கிறதுன்னு கேட்டாரு..." அவன் பார்வை தரையிலேயே இருந்தது. "எங்க வீட்டு அட்ரஸைக் கொடுக்கட்டுமா?"

மாதா கோயில் மணி அடித்தது. அவள் நிமிர்ந்து அந்தக் கருத்த கண்களை முழுதாகப் பார்த்தாள்.

"கொடுங்க... ஆனா ஒண்ணு. பார்சலைப் பிரிக்கிறப்ப நானும் அந்த வீட்டுலதான் இருக்கணும்."