புரிமானியும் இசக்கியின் காந்தமும்

எல்லா நெற்றியிலும் பச்சை. இசக்கியின் நெற்றியில் மட்டும் சிவப்பு.

காலையில் தொடங்கிய காந்தப் பாடம் மதியத்தைத் தாண்டிவிட்டது. பிரிசில்லா டீச்சர் இரும்புத்தூளைத் தூவிக் காட்டினார், படம் போட்டார், ஊசியை மிதக்கவிட்டார். இசக்கியும் கண் கொட்டாமல்தான் பார்த்தாள். சிவப்பு மாறவில்லை. நாலு மணிக்குள் மாறாவிட்டால், வாசலில் நிற்கும் தானோட்டி வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். அவளுடைய சந்தேகத்தைத் தீர்க்கத் தெரிந்த ஆசிரியர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊர் விடுதியில் விட்டுவிடும். பச்சை வந்த பிறகுதான் வீடு.

"அம்மாவ விட்டுட்டு இருக்க மாட்டேன் மிஸ்" என்று சாப்பாட்டு வேளையில் அழுதிருந்தாள்.

விதியைக் குறை சொல்லவும் டீச்சருக்கு மனம் வரவில்லை. புரிமானி வருவதற்கு முன்பும் பாடம் நடத்தியவர் அவர். "புரிஞ்சுதா?" என்று கேட்டால், கூரை அதிர "புரிஞ்சுது மிஸ்!" என்று வகுப்பே கத்தும். பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். நெற்றியில் கட்டும் இந்தப் பட்டைதான் அந்தப் பொய்க் கோரஸை ஒழித்தது. மூளையில் மனப்பாடம் ஒரு விதமாக அசையும், புரிதல் வேறு விதமாக அசையும். புரிமானி இரண்டையும் பிரித்து, புரிந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு என்று காட்டிவிடும். எல்லாரும் பச்சையானால்தான் அடுத்த பாடம். தீப்பெட்டி ஒட்டுகிறவர் மகனும் டாக்டர் மகளும் ஒன்றாகத் தேறினார்கள். மாநிலத்தில் தோற்ற பிள்ளை என்று ஒருத்தர்கூட இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பச்சை பூக்கும்போதெல்லாம் டீச்சருக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

அன்றைக்குப் பார்த்து, புரிமானியைக் கண்டுபிடித்த டாக்டர் வைரவனே பள்ளியைப் பார்வையிட வந்திருந்தார். இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னம்மா புரியல?"

"காந்தம் ஆணியத் தொடவே இல்லயே சார். நடுவுல ஒண்ணுமே இல்ல. பொறவு எதக் கொண்டு இழுக்கு?"

"காந்தப்புலம்னு ஒண்ணு இருக்கு."

"அது எதால ஆனது சார்?"

"அது... அந்த இடத்தோட ஒரு தன்மை."

"வெறும் இடம் எப்படி சார் ஆணியத் தூக்கும்?"

முன்பெஞ்சில் ஒரு பச்சை சிவப்பானது. அடுத்து அதன் பக்கத்தில் ஒன்று. கேள்வி எழாதவரை பச்சையாக இருந்த நெற்றிகள் ஒவ்வொன்றாக மாறி, வகுப்பே விடியற்கால வானம்போலச் சிவந்தது. மேசையிலிருந்த காந்தத்தை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்குப் பயமாக இருந்தது. அதைவிட ஆனந்தமாக இருந்தது.

மேசையில் உபரியாகக் கிடந்த பட்டையை இசக்கி எடுத்து வந்து நீட்டினாள். வைரவன் மறுக்க முடியாமல் கட்டிக்கொண்டார்.

"ஒங்களுக்குப் புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுது" என்றார் அவர், பள்ளிப் பிள்ளையாக இருந்த காலத்துப் பழக்கதோஷத்தில்.

நெற்றி சிவந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சர் அவரிடமிருந்து பட்டையை வாங்கித் தானும் கட்டிப் பார்த்தார். அதே சிவப்பு.

நாலு மணி அடித்தது. விதி விதிதான். இசக்கி டீச்சரின் கையை மனமில்லாமல் விட்டுவிட்டு, முதல் ஆளாகத் தானோட்டியில் ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. வண்டி அவள் சந்தேகத்தைப் படித்தது. மாநிலம் முழுவதும் தேடியது, பிறகு தேசம், பிறகு உலகம். கடைசியில் அதன் குரல் வந்தது.

"இந்தச் சந்தேகத்தை முழுதாகத் தீர்த்துவைத்த ஆசிரியர் எவரும் இல்லை. போக வேண்டிய இடம் தெரியவில்லை."

கதவு தானாகத் திறந்துகொண்டது.

"அப்போ நான் வீட்டுக்குப் போலாமா மிஸ்?"

"போடி. காலையில வந்துரு."

வாசலில் வைரவன் நின்றிருந்தார். "நாளைக்கு என்ன பாடம் டீச்சர்?"

"இதே பாடந்தான் சார். எல்லாரும் பச்சையானாத்தான அடுத்தது? நீங்க போட்ட விதி."

மறுநாள் முதல் மணி அடித்தபோது வைரவன் நெற்றியில் பட்டையுடன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.