பற்றறி இல்லாத கவச வீரன்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பத்மாவதி வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடல் பக்கம் போகும் ஒழுங்கையில் இருந்த தன் மாடி வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரப் பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் 'இந்த வாரப் பொம்மை' என்ற பத்தியை அவள் எழுதிவந்தாள். பம்பலப்பிட்டிக் கடைக்காரர் ஜாபிர் வாராவாரம் ஒரு புதுப் பொம்மையை இரவல் தருவார். இந்த வாரம் அவர் கையை விரித்துவிட்டார். சாமான் வந்த கொள்கலன் சுங்கச் சோதனைக்காக ஒருகொடவத்தையில் நிற்கிறதாம்.

"ஊட்டுல கெடக்கிற எதயாச்சும் பாத்து எழுதுங்களேன் தங்கச்சி. பொம்மை வந்து கேக்கவா போகுது?" என்று சிரித்தார்.

வீட்டில் ஒரு பொம்மை கிடக்கத்தான் செய்தது. பின்னறைக் கட்டிலின் கீழே, ஐந்து மாதமாக.

அதை வாங்கியவர் அருளம்பலம். விசா அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அந்த அறையில் வாடகைக்கு இருந்தவர். ஊரில் இருந்த மகனுக்கென்று வாங்கினார். போர் நடந்த வடக்கே பற்றறி, மின்கலம் எதுவும் கொண்டுபோகத் தடை. அதனால் பற்றறியைக் கடையிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டில் தங்குகிற எல்லோருடைய பெயரையும் படிவத்தில் எழுதிப் பொலிஸில் கொடுக்க வேண்டும். 1997இல் கொழும்பில் இருந்த எந்தத் தமிழருக்கும் அதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பத்மாவதி அவர் பெயரை எழுதவில்லை. இரண்டு வாரம் மட்டும் தங்க வந்தவர்தானே, பதிந்தால் பொலிஸ் அடிக்கடி வரும் என்று பயந்தாள். அவர் கேட்டபோது, "பதிஞ்சாச்சு அண்ணை, பயப்பிடாதேங்கோ" என்றாள்.

அந்த நம்பிக்கையில்தான், பொலிஸ் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதித்த காலையில் அவரே போய்க் கதவைத் திறந்தார்.

படிவத்தில் பெயர் இல்லை. பொலிஸ்காரர் பத்மாவதியைப் பார்த்து, இது யார் என்று கேட்டார்.

தெரியாது என்று அவள் சிங்களத்தில் சொன்னாள்.

பொலிஸ் கொண்டுபோன அருளம்பலத்தை அதன் பிறகு கண்டவர்கள் இல்லை. அவர் மனைவி பாலேஸ்வரி கப்பலில் வந்து, கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கி, மூன்று தரம் இங்கே வந்துவிட்டாள். கணவர் இந்த வீட்டில் இருந்தவர் என்று ஒரு கடிதம் வேண்டுமாம். அது இல்லாமல், ஆளைக் காணவில்லை என்ற முறைப்பாட்டை எடுக்க மாட்டார்களாம். மூன்று தரமும் பத்மாவதி, அவர் சுற்றிவளைப்புக்கு முந்தின வாரமே போய்விட்டார் என்று சொல்லி அனுப்பினாள்.

இப்போது அவருடைய பெட்டியைத் திறந்தாள்.

பொம்மையின் பெயர் பிஸ்டன்மேன். ஒரு சாண் உயரம், ரோபோ போன்ற நீலக் கவசம். முகமூடியைத் தூக்கினால் உள்ளே சிரிக்கும் மனித முகம். மேசையில் நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கினாள். "முழங்கால் இலகுவாக மடியும். நெடுநேரம் நின்றாலும் சரிந்து விழாது."

ஒரு மணம் வந்தது. ஈரச் சீமெந்து மணம். அதற்குள் மெல்லிய மூத்திர நெடி.

நிமிர்ந்து பார்த்தாள். பக்கவாட்டில் தொங்கிய கைகள் இரண்டும் உயர்ந்து, பொம்மையின் பிடரியில் இருந்தன.

தானே அப்படி வைத்திருப்பாள் என்று நினைத்துக் கைகளை இறக்கிவிட்டாள். "கைகளை எந்தப் பக்கமும் திருப்பலாம்" என்று எழுதினாள்.

'கிர்ர்' என்று மோட்டார் சுற்றும் ஓசை.

கைகள் மெதுவாக மேலே போயின. கண்கள் சிவப்பாய் எரிந்தன.

பொம்மையைப் புரட்டி முதுகு மூடியைத் திறந்தாள். பற்றறிக் குழி வெறுமையாக இருந்தது.

கீழே வைத்ததும் அது முழந்தாளிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

முகமூடியைத் தூக்கினாள்.

சிரித்த முகம் இப்போது கண்களை மூடியிருந்தது. கன்னம் ஈரமாக இருந்தது.

பத்தி பாதியில் நின்றது. வேறொரு தாளை எடுத்தாள். அருளம்பலம் என் வீட்டில் இருந்தவர், நான் பதியவில்லை, என் கண் முன்னே கொண்டுபோனார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலை கடிதத்தோடும் பொம்மையோடும் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். பாலேஸ்வரி தலைமுழுகி, பொட்டு வைத்து, முகம் மலர்ந்து நின்றாள்.

"நேற்றுப் பின்னேரம் இவர் ரெலிபோன் எடுத்துக் கதைச்சவர் அக்கா. அவரின்ர குரல்தான்."

எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்குப் பதிலே இல்லையாம். மகனுக்கு வாங்கிய பொம்மையைப் பற்றி மட்டும் சொன்னாராம். முழங்கால் இலகுவாக மடியுமாம். நெடுநேரம் நின்றாலும் சரிந்து விழாதாம்.

அந்த வரிகளை எழுதிய தாள் பத்மாவதியின் கைப்பைக்குள் இருந்தது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

கடிதத்தை நீட்டினாள். பாலேஸ்வரி பிரித்துப் பார்க்காமலே திருப்பித் தந்தாள்.

"இனி இது என்னத்துக்கு? உயிரோட இருக்கிற மனுசனைக் காணேல்லை எண்டு எழுதிக் குடுக்கிறதோ?"

அவர் சொன்னவை தான் எழுதிய வரிகள் என்று சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது?

ரெலிபோன் மணி அடித்தது.

"அவராத்தான் இருக்கும். நீங்களும் ஒருக்காக் கதையுங்கோ அக்கா."

பத்மாவதி எடுத்தாள். அருளம்பலத்தின் குரல், பாடம் ஒப்பிப்பது போல, அவளுடைய பத்தியை வாசித்துக்கொண்டிருந்தது. அவள் கடைசியாக எழுதிய வரி வந்தது. குரல் அங்கே நிற்கவில்லை.

"இதை எழுதுகிறவர், இதன் சொந்தக்காரரைத் தனக்குத் தெரியாது என்று சொன்னவர்."

எதிர்முனையில் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"தெரியும் அண்ணை" என்றாள் பத்மாவதி. "எனக்கு உங்களைத் தெரியும். நான்தான் பதியேல்லை. நான்தான் பொய் சொன்னனான்."

பாலேஸ்வரியின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. அவள் பத்மாவதியின் கையிலிருந்த கடிதத்தை உருவி எடுத்துப் பிரித்தாள். வாசிக்க வாசிக்க அவள் உதடுகள் வெளுத்தன.

ரெலிபோனில் அந்தக் குரல் முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கியது.

இந்தத் தடவை அதோடு அவரைப் போலவே கொண்டுபோகப்பட்ட வேறு பலரின் குரல்களும் சேர்ந்து வாசித்தன.