இது சகஜம்தான்

மாடிப்படிக்கு அடியில் இருந்த கம்ப்ரசர் தானாக ஓடத் தொடங்கியது.

ரிசப்ஷன் மேசையில் பஞ்சைச் சதுரமாக மடித்து டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பல் பார்க்கிற சேரில் ஆள் படுத்து, துளைக்கிற மிஷினோ எச்சில் உறிஞ்சும் குழாயோ வேலை செய்தால்தான் அதன் டேங்கில் காற்று குறையும். குறைந்தால்தான் அது ஓடும். எதிரே கன்சல்டிங் ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு இல்லை. சேர் காலியாக, யாரையோ எதிர்பார்த்துச் சாய்ந்திருந்தது.

எங்கேயோ காற்று கசிகிறது என்று நினைத்துக்கொண்டாள். போன வாரம் மாடியில் புது ரூமுக்கு லைன் இழுத்தபோது எலெக்ட்ரீஷியன் எதையாவது இடித்திருப்பான். அவன் கை பட்டதிலிருந்து இந்தக் கட்டடத்தில் எதுவும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பாத்ரூம் சுவிட்சைப் போட்டால் வாசல் விளக்கு எரிகிறது. வெளியிலிருந்து அழைத்தால் நீளமாக அடிக்க வேண்டிய ஃபோன், சில நேரம் உள்ளேயிருந்தே யாரோ கூப்பிடுவது மாதிரி குட்டையாக இரண்டு தடவை அடித்து நிற்கிறது.

சாயங்கால மழை பின்பக்கத் தகரத்தில் விடாமல் கொட்டியது. ஸ்பிரிட்டும் கிராம்பு எண்ணெயும் ஈர மிதியடியும் கலந்த வாசனை அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்கால நோயாளிகள் இன்னும் வரத் தொடங்கவில்லை. அண்ணன் பல் செய்யும் லேபுக்குப் போயிருந்தார். செய்யக் கொடுத்திருந்த பல் உறையை வாங்கிக்கொண்டு ஆறு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். அப்போது அவள் ஃபோனில் இருந்தாள். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கினாள்.

அண்ணன்தான் டாக்டர். நல்ல கை. ஆனால் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு, "சந்தேகம் ஏதாவது இருந்தா வெளியில தங்கச்சிகிட்ட கேட்டுக்கோங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அவளிடம் தனியாக, "நான் பல்லைப் பார்த்துக்கறேன், நீ வாயைப் பார்த்துக்கோ" என்று சிரிப்பார்.

அவளும் பார்த்துக்கொண்டாள். கேட்பதெல்லாம் ஒரே கேள்விகள்தான். க்ளீன் பண்ணினால் பல் ஆடிப்போகுமா? ரூட் கெனால் பண்ணின பல் ஏன் இன்னும் வலிக்கிறது? எடுத்த இடத்தில் ரத்தம் எப்போது நிற்கும்? காது கேட்பதற்கு முன்பே வாய் பதில் சொல்லிவிடும். எல்லா பதிலுக்கும் கடைசியில் ஒரே வால்: பயப்படாதீங்க, இது சகஜம்தான். அண்ணன் சொல்லிக்கொடுத்தது. பயந்தவன் திரும்பி வர மாட்டான் என்பது அவருடைய தொழில் கணக்கு.

ஃபோன் நீளமாக அடித்தது. செட்டுப்பல் பெரியவர்.

"ஏம்மா, நான் சிரிக்கிறதுக்கு முன்னாடியே இது சிரிக்குது. வெளியில வந்து நிக்குது."

"புது செட்டு சார். ஈறு பழகணும். இன்னும் ஒரு வாரம் சிரிக்காம இருங்க."

"வீட்டுக்காரி பக்கத்துல இருக்கா. கஷ்டமே இல்லை."

சிரித்துக்கொண்டே வைத்தாள். கையை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது. குட்டையாக, இரண்டு தடவை.

"சிஸ்டர், ஒரு கேள்வி."

ஆண் குரல். மெல்லிய, வறண்ட குரல். தொந்தரவு கொடுக்கிறோமே என்கிற தயக்கம் அதில் இருந்தது.

"சொல்லுங்க சார்."

"பல் எடுத்தா ரத்தம் எவ்வளவு நேரம் வரும்?"

"கொஞ்ச நேரம் கசியத்தான் செய்யும். பஞ்சை அழுத்திக் கடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் இருக்கணும். துப்பக் கூடாது, கொப்புளிக்கக் கூடாது. உங்களுக்கா சார்?"

"இல்லை. கூட இருக்கிறவருக்கு."

"பயப்படாதீங்க. இது சகஜம்தான்."

"தேங்க்ஸ் சிஸ்டர்."

பஞ்சை மடித்தாள். படிக்கு அடியில் கம்ப்ரசர் நின்றது. மூச்சு விடுகிற மாதிரி ஒரு சீறல். பிறகு மறுபடியும் ஓடியது.

மறுபடி குட்டை மணி.

"சிஸ்டர், பஞ்சைக் கடிக்க மாட்டேங்குறார்."

"தாடையைக் கீழேருந்து அழுத்திப் பிடிச்சுக்கோங்க சார்."

"கத்துறார்."

"பயம்தான். பார்க்க மலை மாதிரி இருப்பாங்க, அவங்கதான் ஊரைக் கூட்டுவாங்க. கையை கெட்டியா பிடிச்சுக்கோங்க."

"கட்டித்தான் வச்சிருக்கு."

சிரித்துவிட்டாள். கிண்டல்காரர் போலிருக்கிறது. "அப்போ சரி சார். இது சகஜம்தான்."

அந்தப் பக்கம் சிரிக்கவில்லை. பின்னால் ஏதோ ஒரு சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் வற்றும் இடத்தில் குழாய் உறிஞ்சுகிற மாதிரி, கொழகொழவென்று. தெரிந்த சத்தம். எங்கே கேட்டது என்று அவள் யோசிப்பதற்குள் வைத்துவிட்டார்.

வாசல் பக்கம் பார்த்தாள். கண்ணாடிக் கதவில் மழை வழிந்தது. தெருவிளக்கு அதில் நெளிந்தது. யாரும் இல்லை.

மணி.

"சிஸ்டர், விழுந்த பல்லைத் திரும்ப வைக்க முடியுமா?"

"முடியும் சார். வேரைத் தொடாதீங்க. தேய்ச்சுக் கழுவாதீங்க. பால்ல போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டு வரணும்."

"பால்ல."

"ஆமா சார்."

"நிறைய இருந்தா?"

பஞ்சின் மேல் அவள் விரல் நின்றது. "நிறையன்னா... என்ன சார் ஆச்சு? விபத்தா? நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

"அங்கதான் இருக்கார்" என்றது குரல். வைத்துவிட்டது.

இங்கே யாரும் இல்லையே. வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு இங்கே கேட்கிறாரோ என்னவோ. மீதிப் பஞ்சையும் மடித்து அடுக்கி டப்பாவை மூடினாள். டீ குடித்தால் தேவலை. எழுந்து பின்பக்கம் போனாள். சின்ன ஃபிரிட்ஜைத் திறந்தாள். மதியம் வாங்கி வைத்த பால் பாக்கெட் இல்லை. மேலே தட்டில் அவளுடைய டம்ளரும் அண்ணனுடைய டம்ளரும் கவிழ்த்து வைத்திருக்கும். இரண்டும் இல்லை. அவை இருந்த இடத்தில் இரண்டு ஈர வட்டங்கள் மட்டும் இருந்தன.

அண்ணன் டீ போட்டிருப்பார். போகிறதுக்கு முன்னால்.

இரண்டு டம்ளரிலுமா?

திரும்பி வந்தவள் செருப்பு வைக்கிற தட்டைக் கடந்தாள். கடந்த பிறகுதான் பார்த்ததே மனசுக்குப் பட்டது. நின்றாள். அண்ணன் உள்ளே இருக்கும்போது நீல ரப்பர் செருப்பு போடுவார். வெளியே போனால் கறுப்பு ஷூ.

கறுப்பு ஷூ தட்டில் இருந்தது. காய்ந்து, சாக்ஸ் உள்ளே சுருட்டி வைத்தபடி.

நீலச் செருப்பு இல்லை.

மணி அடித்தது. குட்டையாக, இரண்டு தடவை. அடிக்கட்டும் என்று விட்டாள். விடாமல் அடித்தது. எடுத்தாள்.

"சிஸ்டர், மரத்துப் போற ஊசி போடாம எடுத்தா என்ன ஆகும்?"

"யார் சார் நீங்க? எங்கேருந்து பேசறீங்க?"

"போன மாசம் வந்தேன். வீட்டுக்காரிக்குக் கடைசிப் பல் எடுத்தாங்க. ரத்தம் உறையாம இருக்க தினம் மாத்திரை போடறாள்னு உள்ள சொல்ல வந்தேன். டாக்டர், வெளியில தங்கச்சிகிட்ட சொல்லுங்கன்னார். நீங்க ஃபோன்ல இருந்தீங்க. கையைத் தூக்கினீங்க."

அவளுக்கு முகம் ஞாபகம் வரவில்லை. எத்தனையோ முகம். எத்தனையோ தடவை கையைத் தூக்கியிருக்கிறாள்.

"ராத்திரி மூணு தடவை ஃபோன் பண்ணினேன். ரத்தம் நிக்கலைன்னேன். பஞ்சை அழுத்திக் கடிக்கச் சொன்னீங்க. நல்ல பொண்ணு அவ. சொன்னா கேட்பா. கடிச்சுக்கிட்டே இருந்தா. காலையில எழுப்பினேன். வாயைத் திறக்கவே முடியலை. அப்படிக் கடிச்சிருந்தா."

கம்ப்ரசர் ஓடியது. அவள் முதுகுக்குப் பின்னால் ஓடியது. ரிசீவருக்குள்ளும் எங்கோ அடியில் ஓடியது. இரண்டும் ஒரே மூச்சில்.

"கேளுங்க சிஸ்டர். இது சகஜமான்னு நீங்கதான் சொல்லணும்."

முதலில் அந்த உறிஞ்சல் சத்தம். பிறகு இரும்பு பல்லில் உரசுகிற சத்தம். அப்புறம், ஈரக் கிளையை மெதுவாக முறுக்கி ஒடிப்பது போல ஒன்று. வேர் எலும்பை விட்டு வருகிற சத்தம் அது. அது அவளுக்குப் பழக்கம். ஆனால் இவ்வளவு நிதானமாக யாரும் எடுத்து அவள் கேட்டதில்லை. அதோடு ஓர் அலறல். வாயை ரப்பர் கட்டை வைத்துத் திறந்தே வைத்தால் மனிதன் கத்துவதில் எழுத்து இருக்காது. யாராக இருந்தாலும் ஒரே குரல்தான். யார் என்று சொல்ல முடியாது.

யாராகவும் இருக்கலாம்.

வைத்தாள். அதே ஃபோனில் அண்ணனின் மொபைல் நம்பரை அழுத்தினாள். ஒரு எண் தவறியது. மறுபடி அழுத்தினாள். லேபில் இருங்கள். மழையில் எங்கேயாவது ஒதுங்கி நில்லுங்கள். எடுத்து, என்ன தங்கச்சி என்று சலித்துக்கொள்ளுங்கள்.

தலைக்கு மேலே மொபைல் அடித்தது.

தெளிவாக அடித்தது. அதுதான் தப்பு. புது ரூமுக்குச் சத்தம் வெளியே வராத கனத்த கதவு போட்டிருந்தார் அண்ணன். கீழே காத்திருப்பவர்கள் பயந்துவிடக் கூடாதென்று. அந்தக் கதவு மூடியிருந்தால் எதுவும் கேட்காது. இதுவரை கேட்கவில்லை.

இப்போது கேட்கிறது.

ரிசீவரை மெல்ல வைத்தாள். மேலே மணி நின்றது.

ஓடினாள். தெருவுக்கு அல்ல, மாடிக்கு. ஒரே வயிற்றில் பிறந்த கால் அப்படித்தான் ஓடும். படியில் நீலச் செருப்பு ஒன்று கிடந்தது. அதற்கு மேலே இன்னொன்று.

கதவு விரியத் திறந்திருந்தது. பின்பக்க இரும்புப் படிக்குப் போகிற கதவும் திறந்து, மழைக்காற்று உள்ளே வந்தது. பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேராக வாய்க்குள்.

புது சேரின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. அதனால் ரத்தம் ஊறவில்லை. மடிப்புகளில் தேங்கி, வழிந்து, தரையில் டப், டப் என்று சொட்டியது. எலெக்ட்ரீஷியன் விட்டுப்போன ஒயரால் இரண்டு மணிக்கட்டும் கைப்பிடியோடு கட்டப்பட்டிருந்தன. ஒயர் தோலுக்குள் போயிருந்தது. நெற்றி பிளந்திருந்தது. தாடைகளுக்கு நடுவே ரப்பர் கட்டை. கன்னத்து ஓரத்தில் உறிஞ்சும் குழாய் தொங்கி, கொழகொழவென்று குடித்துக்கொண்டிருந்தது.

மேலும் கீழும் வெறும் குழிகள். வரிசையாக, நிரம்பி வழிகிற குழிகள்.

கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது.

"அண்ணா. அண்ணா. நான்தான். நான் வந்துட்டேன்."

மூலையில் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து கை நிறையப் பஞ்சை அள்ளி வாய்க்குள் அடைத்தாள். சிவந்தது. இன்னும் அடைத்தாள். சிவந்தது. ஒயரை நகத்தால் பிடித்து இழுத்தாள். நகம் பிய்ந்தது. மொபைலைத் தேடினாள். அவர் கோட்டில் இல்லை. தரையில் இல்லை. சுவரில் ஃபோன் இருந்தது. இங்கிருந்து கீழ் மேசைக்கு மட்டும்தான் பேச முடியும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு கையை அண்ணன் வாயிலிருந்து எடுக்காமல், இன்னொரு கையை நீட்டி எடுத்தாள். அழுத்தினாள். கீழே யாராவது வந்திருப்பார்கள். சாயங்காலம் முதலில் வருகிறவர் யாராவது.

முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"வணக்கம், பல் ஆஸ்பத்திரி. சொல்லுங்க."

மெல்லிய, வறண்ட குரல்.

அவள் வாய் அசைந்தது. கேள்விதான் வந்தது.

"ரத்தம்... நிக்கலை."

"பஞ்சை அழுத்திக் கடிக்கச் சொல்லுங்க."

"கடிக்க... எதுவும்..."

"தாடையைக் கீழேருந்து பிடிச்சுக்கோங்க. அரை மணி நேரம்."

கீழே வாசல் ஷட்டர் இறங்கியது. காதுக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஒரே நேரத்தில். கடகடவென்று. பிறகு பூட்டு.

"பயப்படாதீங்க சிஸ்டர்" என்றது குரல். "இது சகஜம்தான்."

ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம். லைனைத் துண்டிக்காமல் பக்கத்தில் கிடத்தினார். நாற்காலி நகர்ந்தது. நடை. மரப்படியில் முதல் கால். அவசரமில்லாத கால்.

விரல்களுக்கு நடுவே சூடாக வழிந்துகொண்டே இருந்தது. அண்ணன் இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவருடைய பார்வை பக்கத்து ட்ரேயின் மேல் இருந்தது. அங்கேயே, இமைக்காமல்.

அவளும் பார்த்தாள்.

அண்ணனுடைய டம்ளர். பால் இளஞ்சிவப்பாகியிருந்தது. அடியில் பற்கள், வேரோடு, ஒன்றுகூட உடையாமல்.

பக்கத்தில் அவளுடைய டம்ளர். விளிம்பு வரை பால். வெள்ளையாக. இன்னும் எதுவும் போடாமல்.