காலடியை அறிந்த கதவு

சிலி நாட்டின் வால்பரைசோ நகரக் குன்றில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்த மாலையில் லவுதாரோ வந்தான். அவன் வாசலை எட்டுவதற்குள் கதவின் மேலிருந்த சிறு ஒலிபெருக்கி, "லவுதாரோ" என்றது. அவன் வாசலில் வந்து நின்றதும் பூட்டு தானாகத் திறந்தது.

என் கணவர் எவரிஸ்தோ வீட்டுக்கென்று எழுதிய கணினி நிரல் அது. மரப்படியில் விழும் காலடியை வைத்து ஆளைச் சொல்லும். அவர், நான், அவர் தம்பி லவுதாரோ, மூவரின் நடையை மட்டும் அதற்குப் பழக்கியிருந்தார். அவர் இறந்த பிறகும் சில மாலைகளில் அது "எவரிஸ்தோ" என்று சொல்லிக் கதவைத் திறக்கிறது.

வெளியே பனி மட்டும் இருக்கும்.

எனக்கு லவுதாரோ மேல்தான் சந்தேகம். வீட்டை விற்கச் சொல்லி நச்சரிப்பவன். அண்ணனின் கடவுச்சொல் தெரிந்தவன். இந்த வீடும் போய்விட்டால் எனக்கு எவரிஸ்தோ மிச்சமில்லை.

"நீதானே உன் வீட்டுல உட்கார்ந்துகிட்டு இதை ஆட்டிவைக்கிறே?"

"அண்ணி, என் வீட்டு வைஃபையே ஒழுங்கா வேலை செய்யல. இதுல நான் பேய் வேலை வேற பார்க்கறேனா?"

வெளியிலிருந்து யாரும் ஆட்டிவைக்க முடியாதபடி இணையக் கம்பியைப் பிடுங்கினான். ரொட்டியைக் கடித்தபடி நிரலைப் படித்தவன் சிரித்தான்.

"அட சோம்பேறி அண்ணா! தெரியாத ஆள் வந்தா என்ன செய்யணும்னு எழுதவே இல்ல. பூனை ஏறினாக்கூட மூணு பேர்ல ஒருத்தர் பேரைத்தான் சொல்லும். தனக்குன்னு எழுதறப்ப எல்லாரும் இப்படித்தான்."

விட்டுப்போன வரிகளைச் சேர்த்தான். கீழே போய், தன் நடையை மாற்றி நொண்டியபடி ஏறி வந்தான்.

"தெரியாத ஆள்," என்றது கதவு. பூட்டு அசையவில்லை. நானே திறந்துவிட்டேன்.

"போதுமா அண்ணி?"

வெட்கமாக இருந்தது. அவனைச் சந்தேகிப்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது.

கதவைச் சாத்திவிட்டுத் தேநீர் ஊற்றினேன்.

படி கிறீச்சிட்டது.

"பூனை," என்று கிசுகிசுத்தான்.

"எவரிஸ்தோ," என்றது கதவு.

இப்போது அது மூவரில் ஒருவரை ஊகித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

லவுதாரோ என் மணிக்கட்டைப் பற்றினான். "எழுந்திருங்க. என் வீட்டுக்குப் போயிடலாம்."

கீழே இறங்க அந்த மரப்படிக்கட்டு ஒன்றுதான் வழி.

மறுபடி கிறீச். முதல் காலடியை ஒட்டியே இன்னொன்று, சற்று இலேசாக.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நெல்டா," என்று என் பெயரைச் சொன்னது கதவு. பூட்டு திறந்தது.