பதினேழாம் தொட்டியின் பதில்

அன்றைக்கு நான்காவது குழுவை உள்ளே அழைத்துப் போகும்போதே எனக்குக் கால் கடுக்க ஆரம்பித்துவிட்டது. பிப்ரவரி மாத மழை. டோரு ஆறு கலங்கிப் போய் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் போர்ட்டோ நகரம் பாதிதான் தெரிந்தது. இந்த மழையிலும் ஒயின் கிடங்கைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வரத்தான் செய்கிறார்கள். ஒன்பது பேர் குடைகளை வாசலில் சாய்த்துவிட்டு, ஈரக் காலோடு என் பின்னால் வந்தார்கள். பத்தொன்பது வருடமாக எனக்கு ஒரே பேச்சு. திராட்சை எங்கே விளைகிறது, பிராந்தியை எப்போது சேர்க்கிறோம், ஏன் இருட்டில் வைக்கிறோம். அலுத்துவிட்டது என்று சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். ஆனாலும் அலுத்துத்தான் போயிருந்தது.

என் கணவன் சுல்மீரோவுக்கும் அதே கிடங்கில்தான் வேலை. அன்று அவன் பதினேழாம் தொட்டியைக் கழுவ வேண்டும். ஓக் மரத்தில் செய்த, இரண்டு ஆள் உயரத் தொட்டி. அடியில் ஒரு சின்னக் கதவு. தோளைக் குறுக்கி ஊர்ந்துதான் நுழைய முடியும். ஒயினை இறக்கிய பிறகும் அதன் ஆவி உள்ளே தங்கியிருக்கும். வலியே இல்லாமல் ஆளைத் தூங்க வைத்துவிடும். அதனால் உள்ளே ஒருவன் இருந்தால் வெளியே ஒருவன் நின்றே ஆக வேண்டும். வெளியே இருப்பவன் இரண்டு தட்டுவான், உள்ளே இருப்பவன் பதிலுக்கு இரண்டு தட்டுவான். பதில் வராவிட்டால் காலைப் பிடித்து இழுத்துவிட வேண்டும்.

வழக்கமாக வெளியே நிற்கும் அமாண்டியோ காய்ச்சலில் படுத்துவிட்டான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு வாரமாக விடுப்பே இல்லாமல் உழைத்தவன் சுல்மீரோ. இதை முடித்தால்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடக்கலாம் என்றான்.

"நீ அந்த வழியாத்தானே போயிட்டு வந்துட்டு இருப்ப? போறப்ப ரெண்டு தட்டு தட்டு. நான் பதில் குடுக்கறேன்."

"பதில் வரலேன்னா?"

"நீ சமைக்கிற பக்கல்யாவ் மீன்ல உப்பு ஜாஸ்தின்னு சொல்ல இனிமே ஆள் இல்லேன்னு அர்த்தம்."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். நாங்கள் செய்த தவறு அதுதான். ஒரு ஆள் நிற்க வேண்டிய இடத்தில், நடந்துபோகிற ஒருத்தியை வைத்தோம்.

நான்காவது குழுவோடு போகும்போது தட்டினேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. வந்தவர்கள் திடுக்கிட்டார்கள். என் கணவன்தான் என்று சொன்னதும், பிராகாவிலிருந்து வந்த ஒருவர், அடைத்தே வைத்துவிட்டீர்களா என்று கேட்டார். வீட்டில் சத்தம் தாங்கவில்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ருசி பார்க்கும் கூடத்தில் ஆளுக்கு மூன்று கிண்ணம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் மோந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து தட்டினேன். இரண்டு. மறுபடியும் வந்து தட்டினேன். இரண்டு. வீட்டில் ஒன்று கேட்டால் அரைமணி கழித்துப் பதில் சொல்லும் மனிதன், இன்று தட்டிய கையோடு பதில் தருகிறானே என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாவது குழு வந்தது. காலித் தொட்டிக்கும் நிறைந்த தொட்டிக்கும் சத்தம் எப்படி வேறுபடும் என்று காட்டுவது என் வழக்கம். ஒரு ஒல்லியான பெண்ணைப் பதினெட்டாம் தொட்டியைத் தட்டச் சொன்னேன். அது விளிம்பு வரை நிறைந்தது. கல்லைத் தட்டியது போல மொத்தென்று இரண்டு சத்தம் கேட்டது.

உடனே உள்ளேயிருந்து இரண்டு தட்டு.

கணீரென்று, காலித் தொட்டியின் சத்தம்.

"இதுக்குள்ளயும் ஒரு கணவரா?" என்று அந்தப் பெண் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர் விளையாட்டாகப் பத்தொன்பதாம் தொட்டியைத் தட்டினார். அதுவும் நிறைந்ததுதான்.

இரண்டு தட்டு வந்தது.

நான் பதினேழுக்கு ஓடினேன். பழக்க தோஷத்தில் தட்டினேன். பதில் வந்தது. நம்பாமல் மண்டியிட்டு, சின்னக் கதவுக்குள் தலையை விட்டேன். புளித்த திராட்சையும் ஈர மரமுமாக ஒரு வாடை மூக்கில் ஏறியது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுல்மீரோ கன்னத்துக்கடியில் கையை வைத்து, வீட்டுக் கட்டிலில் படுப்பது போல ஒருக்களித்துக் கிடந்தான். வாய் நீலம் பாரித்திருந்தது.

என் தலைக்கு நேர் மேலே, தொட்டியின் உட்பக்கத்தில், இரண்டு தட்டு கேட்டது.

நான் தட்டவில்லை.

அவன் காலைப் பிடித்து இழுத்தேன். கத்தினேனா என்று நினைவில்லை. இரண்டு பேர் ஓடிவந்து சேர்ந்து இழுத்தார்கள். இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் ஆள் இல்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மூன்றாம் நாள்தான் அவன் பேசினான்.

"ஒரே ஒரு தடவைதான் தட்டினேன் இடலினா. அப்புறம் கையத் தூக்க முடியல. யாரோ பக்கத்துல வந்து உக்காந்தாங்க. முகம் தெரியல. 'ரொம்பக் களைச்சுப் போயிட்ட, நீ படு, நான் தட்டிக்கிறேன்'னு சொன்னாங்க. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு அழுதேன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பயமே இல்லை. ஏக்கம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பதினேழாம் தொட்டியை இப்போது பூட்டிவிட்டார்கள். உள்ளே முன்பு யாராவது இறந்திருக்கிறார்களா என்று பழைய ஆட்களைக் கேட்டேன், தெரியாது என்றார்கள். சுல்மீரோவுக்கு இன்னும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதனால் நான் வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பகலில் ஏழு குழு. வீட்டுக்கு வந்தால், அவன் மூச்சு விடுகிறானா என்று விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை ஆறாவது குழு. தொட்டி வரிசைக்கு நடுவே நின்று மரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் தூக்கம் கண்ணை அழுத்த, பேச்சை நிறுத்தினேன். ஒரு பீப்பாயில் சாய்ந்து கண்ணை மூடினேன். ஒரே ஒரு நொடி என்றுதான் நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். யாரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் இரண்டு பேர் எதற்கோ சிரித்தார்கள்.

என் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

மூடித்தான் இருந்தது.

பிறகு, யாரோ சொன்னது போல எல்லோரும் ஒன்றாகத் திரும்பி, ருசி பார்க்கும் கூடத்துக்கு நடந்தார்கள். கடைசியாகப் போன வயதான மனிதர் மட்டும் என் அருகில் நின்றார். அவர் கண்கள் சொருகியிருந்தன.

"உங்க குரல் எவ்வளவு இதமா இருக்கு," என்றார். "கேட்டுட்டே இருந்தேன், தூக்கமே வந்துடுச்சு."