படகுத்துறையில் கட்டிய பசு

அவன் வந்தபோது மத்தியானம். ஆற்றின் மேல் பனிமூட்டம் அன்று முழுக்க விலகவே இல்லை. நனைந்த கம்பளிக் கோட்டோடு படகுக்காரனான என் குடிசைக்குள் வந்து, அடுப்புப் பக்கம் கையை நீட்டினான்.

"அக்கரைக்குப் போகணும்ண்ணே. பேரு ஹைரம். வெர்மான்ட்லேருந்து வர்றேன்."

நானும் வடக்கே அதே வெர்மான்ட்தான். அதை இந்த மிசூரிக் கரையில் பதினோரு வருடமாக யாருக்கும் சொல்லவில்லை. எதிர்க்கரை கன்சாஸில் அடிமைகளை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஓட்டெடுப்பு வரப்போகிறது. கூடாது என்று ஓட்டுப்போட வரும் வடக்கத்திக்காரர்களை மறிக்க, அடிமைமுறைக்கு ஆதரவான கேப்டன் ஸ்ட்ரவுட்டின் ஆட்கள் துறையில் ஒரு பசுவைக் கட்டிவைத்திருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் அது என்னவென்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். 'கௌ' என்றால் படகேறலாம். எங்கள் ஊர்க்காரன் வாயில் அது 'கியௌ' என்றுதான் வரும்.

நான் 'கௌ' பழக இரண்டு குளிர்காலம் பிடித்தது. நாக்கு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று யாரோடும் பேசாமலே காலத்தை ஓட்டினேன். சங்கிலியில் கோத்த மனிதர்களைப் படகில் ஏற்றி இறக்கியபோதும் வாயைத் திறக்கவில்லை. கோழை என்றால் நான்தான், வேறு ஆள் தேட வேண்டாம்.

ஹைரம் சோளரொட்டி தின்றுகொண்டே பேசினான். என் ஊர்ப் பேச்சு. கேட்டுக்கொண்டே இன்னொரு ரொட்டியை அவன் பக்கம் தள்ளினேன். ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். சொன்னால் அவர்களிடம் என்னைப் பற்றி உளறிவிடுவானோ என்று பயந்து சும்மா இருந்தேன்.

துறையில் ஸ்ட்ரவுட் சிரித்தபடி கேட்டான். "தம்பி, இது என்னன்னு சொல்லு பாப்போம்."

ஹைரமும் சிரித்தபடியே சொன்னான்.

மூட்டத்துக்குள் அவனை இழுத்துப் போனார்கள். ஒரு வெடிச் சத்தம். அப்புறம் தண்ணீரில் ஏதோ விழுந்தது.

மூன்றாம் நாள் காலை காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். குடிசைக்குள் ஈரக் கம்பளி வாசனை வந்தது.

"கியௌ."

முதுகுக்குப் பின்னால், மெதுவாக.

"கியௌ... கியௌ... சரியா வருதாண்ணே?"

திரும்பினேன். யாருமில்லை. பெஞ்சு மட்டும் நனைந்திருந்தது.

தினமும் வந்தான். "சொல்லிக்குடுங்கண்ணே" என்று கெஞ்சினான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பதினோரு வருடம் கழித்து என்னோடு பேச ஓர் ஆள் கிடைத்திருந்தான். ஒன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தேன்.

"நாக்கை மேல தூக்காத. கௌ."

"கௌ" என்றது குரல், சுத்தமாக. "போதும்ண்ணே. இனிமே நான் பாத்துக்கறேன்."

அன்று சாயங்காலம் படகை அவிழ்க்கப் போனபோது ஸ்ட்ரவுட் விளையாட்டாகக் கேட்டான். "ஏண்டா ஆரின் டட்டில், உன்னை மட்டும் நாங்க கேட்டதே இல்லையே. சொல்லு."

வாயைத் திறந்தேன்.

"கியௌ."

மறுபடி முயன்றேன். அதேதான் வந்தது.

ஸ்ட்ரவுட்டின் சிரிப்பு நின்றது. கயிற்றை வெட்டிவிட்டுப் படகுக்குள் விழுந்தேன். தோளில் ஒரு குண்டோடு கன்சாஸ் கரை சேர்ந்தேன். என் குடிசையை அவர்கள் கொளுத்தியதை இங்கிருந்து பார்த்தேன். கூரை விழும்வரை எரிந்தது.

இங்கும் தனியாகத்தான் இருக்கிறேன். பேரைக்கூட மாற்றிக்கொண்டேன். போன வாரம் வெர்மான்ட் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு அக்கரையிலிருந்து வந்து இறங்கினாள். மாட்டைக் காட்டிக் கேட்கவில்லையா என்று விசாரித்தேன்.

"கேட்டாங்க. நல்லவேளை, துறைக் குடிசையில இருக்கறவரு முன்னாடியே சொல்லிக்குடுத்துட்டாரு. நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் அவருதான் சொல்லிக்குடுக்கறாராம்."

"அவர் பேரு?"

"ஆரின் டட்டில்னாரு." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். "குரலு அப்படியே உங்க குரல் மாதிரி."